ஊர்ச் செட்

செப்டம்பர் 12, வியாழன்.
செய்த வேலை: பழைய துணியில் ஒரு பை.
பிழை: நீலத் துணியில் பச்சை நூல். என் கவனக்குறைவு.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். வகுப்பு நோட்டில் தினமும் மூன்று வரி எழுத வேண்டும். செய்த வேலை, பிழை, நாளைய வேலை. சனிக்கிழமை தையல் டீச்சர் வாங்கிப் பார்ப்பார்.

மூன்றாவது வரியை விட்டுவைத்தாள்.

எழுதிய பிழை இன்றையது அல்ல. ஐந்து மாதம் பழையது.

மில்லில் ஷிஃப்ட் முடிந்து, ஆறு மணிக்கு விடுதிக் கூடத்தில் வகுப்பு. டவுனிலிருந்து பழைய துணி மூட்டை வரும். சட்டை, சேலை, சுடிதார். பிரித்து வெட்டிப் பை தைக்க வேண்டும். பைகள் கேட்டைத் தாண்டிக் கடைக்குப் போகும். தைத்தவர்கள் போவதில்லை.

இன்று அவள் குவியலில் மூன்றாவதாக ஒரு நீல டாப்ஸ்.

கீழ் மடிப்பைத் திருப்பினாள். பச்சை நூல். பொடித் தையல், கொஞ்சம் கோணல்.

தன் கை.

சித்திரையில் ஒரு நாள் கரண்ட் போயிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, அறைத்தோழி இசக்கிக்கு ஒரு டாப்ஸின் கீழ் மடிப்பைத் தைத்துக் கொடுத்தாள். விளக்கு வந்த பிறகுதான் நூலின் நிறம் தெரிந்தது. பிரித்துத் தைக்கிறேன் என்றாள். இசக்கி பிடுங்கிக்கொண்டாள்.

"கெடக்கட்டும்ட்டி. பஸ் ஸ்டாண்டுல நான் காணாமப் போனா அடையாளம் சொல்லலாம்லா."

சிரித்தார்கள்.

விடுதியில் எல்லோரிடமும் ஒரு ஊர்ச் செட் உண்டு. துவைத்து, மடித்து, பெட்டியின் அடியில் கிடக்கும். தீபாவளிக்குக்கூட எடுக்க மாட்டார்கள். மில்லில் ஒப்பந்தக் கணக்கு முடிந்து ஊருக்குப் போகும் அன்று போட்டுக்கொள்ள.

இசக்கியின் ஊர்ச் செட் இந்த நீலம்.

இசக்கி போய் இருபது நாள். ஷிஃப்ட் முடிந்து வந்தபோது கட்டில் காலி, பெட்டியும் இல்லை. அப்பா வந்து கூட்டிப்போய்விட்டார் என்று வார்டன் சொன்னார்.

வேறு யாருடையதாகவும் இருக்கலாம். டவுனில் நீல டாப்ஸ் ஆயிரம் இருக்கும். பச்சை நூலும் இருக்கும். எதையாவது நினைத்துக்கொண்டு நாமாகவே பயப்படுகிறோமோ.

மடிப்பின் முனையைத் தடவினாள். மூன்று முடிச்சு. வகுப்பில் அவள் மட்டும்தான் மூன்று போடுவாள். ஒன்று போதும் என்று டீச்சர் நோட்டில் இரண்டு முறை சிவப்பில் எழுதியிருக்கிறார்.

எழுந்து, கூடத்து வாசலில் உட்கார்ந்திருந்த வார்டனிடம் போனாள்.

"அக்கா, இசக்கி போனப்ப என்ன டிரஸ் போட்டிருந்தா?"

வார்டன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார். நேரமெடுத்து அவளைப் பார்த்தார்.

"அவ போட்டது உனக்கு எதுக்கு? போய்ப் பையைத் தை."

போனாள்.

கத்தரி துணியில் இறங்கியது. ஒரு பக்கம் கால் அங்குலம் குறைந்தது. கீழ் மடிப்பை மட்டும் வெட்டவில்லை. அதையே பையின் வாயாக வைத்துத் தைத்தாள்.

டீச்சர் பையைத் தூக்கிப் பார்த்தார். "நீலத்துக்குப் பச்சையா? கண்ணு எங்க இருந்துச்சு?"

வார்டன் நாற்காலியை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"என் தப்புதான் டீச்சர்."

"நோட்டுல எழுது."

எழுதினாள்.

அறையில் தன் தகரப் பெட்டியைத் திறந்தாள். அடியில் ரோஸ் டாப்ஸ். பதினான்கு மாதமாக அதே மடிப்பில். பிளேடால் கீழ்த் தையலைப் பிரித்தாள். ரோஸ் நூல் மடியில் உதிர்ந்தது. வகுப்பிலிருந்து விரலில் சுற்றிக்கொண்டு வந்த பச்சை நூலை ஊசியில் கோத்தாள்.

பக்கத்துக் கட்டிலில் செல்வராணி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானக்கா இருந்துச்சு? ஏன் கெடுக்குறீங்க?"

அவசரப்படாமல், முனை வரை தைத்தாள்.

ஒரு முடிச்சு. இன்னொன்று. இன்னொன்று.

டாப்ஸை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

நாளைய வேலை: செல்வராணிக்கு என் முடிச்சைக் காட்ட வேண்டும்.