செம்மண்டலத்து வீடு

"வீடெல்லாம் இல்ல, போங்க!" என்று கதவைப் படாரென்று சாத்தினாள் இசைவாணி.

காத்தவராயன் வெளியே நின்று தலையைச் சொறிந்தான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி செல்லாயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவு மறுபடி திறந்தது. "அண்ணே, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்கன்னு கேட்டா ஏன் இப்பிடி முழிக்கிறீங்க? திருடன்னுல்ல நெனைப்பாங்க! வாங்க, மொதல்லேர்ந்து."

இசைவாணி பொறுப்பில் இருக்கும் முதுநகர் காப்பகத்தில் இது தினப்படி நடக்கிற கூத்து. வீடில்லாத குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு, ஆறு மாதத்தில் சொந்தக் காலில் நிற்கப் பழக்கி அனுப்புவார்கள். பேங்கில் கணக்குத் திறக்க, ரேஷன் கார்டுக்கு மனுக் கொடுக்க, வாடகைக்கு வீடு கேட்க, எல்லாவற்றுக்கும் ஒத்திகை உண்டு; எதிராளாக நடிக்க வெளியிலிருந்தும் யாராவது வருவார்கள். போன வாரம் பேங்க் மேனேஜராக நடிக்க வந்த ரிட்டயர்டு வாத்தியார், பாவம், செல்லாயி கேட்ட கேள்வியில் வேர்த்துப்போய்க் கிளம்பினார்.

காத்தவராயன் கொத்தனார் வேலை கற்றுக்கொண்டுவிட்டான். செல்லாயி ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறாள். மகள் வெண்மதி ஐந்தாவது படிக்கிறாள். எல்லாம் சரி, வீடுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமையோடு ஆறு மாதக் கெடு முடிகிறது. அப்புறம் பழையபடி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரம்தான். வெண்மதியின் படிப்புக்கும் முழுக்கு.

ஐந்து வீட்டில் கையை விரித்துவிட்டார்கள். பாக்கி இருப்பது செம்மண்டலத்தில் ஒரே ஒரு வீடு. அந்த ஓனர் நாளைக்குக் காலையில் காப்பகத்துக்கே வந்து ஆளைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"நான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். நீங்க பழகிக்கிட்டே இருங்க" என்று இசைவாணி கிளம்பினாள்.

காத்தவராயனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. எழுந்து நடந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி நடந்தான். "சும்மா ஒரு எடத்துல உக்காருய்யா" என்றாள் செல்லாயி.

அப்போது மஞ்சப்பையும் குடையுமாக ஒரு பெரியவர் உள்ளே வந்தார். "வீடு கேட்டது யாருப்பா? சட்டுபுட்டுன்னு ஆவட்டும். நாளைக்கு ஒரு கல்யாணம், நான் இப்பவே பஸ் புடிக்கணும்."

நடிக்க இன்றைக்கு இவரா! காத்தவராயனுக்குச் சலிப்பாக வந்தது. "நாங்கதான் சார். கேளுங்க."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "என்ன வேல பாக்குறீங்க? எத்தினி பேரு?"

"அய்ய, இப்பிடி மெதுவாக் கேட்டா எப்பிடி சார்? ஓனருன்னா மூஞ்சிய உர்ருனு வச்சுக்கணும். தண்ணி ஜாஸ்தி செலவு பண்ணக்கூடாது, கவருமெண்டு டிவிய சத்தமா வைக்கக்கூடாதுன்னு அதட்டணும். எங்க, அதட்டுங்க பாப்போம்!" என்றான் காத்தவராயன்.

"அப்பிடியா?" பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரலை உயர்த்தினார். "சரி, இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"பிளாட்பாரத்துல." காத்தவராயனின் நாக்கு இந்தத் தடவை குழறவே இல்லை. "நாலு வருசம் சார். மழ பேஞ்சா இவ புள்ளைய மடியில போட்டுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பா. நான் குடிச்சிட்டு எங்கியாவது கெடப்பேன். இப்ப நிறுத்தி எட்டு மாசமாவுது."

செல்லாயி அவன் இடுப்பில் இடித்தாள். "நாளைக்கும் இப்பிடியே ஒளறி வைக்காத."

"போடி, நாளைக்கு ஏன் சொல்றேன்? காட்டுமன்னார்கோயில்ல சொந்த வீடு இருக்கு, வேலைக்கோசரம் வந்தோம்னு அடிச்சு உடுவேன்."

பெரியவர் புருவத்தைச் சுருக்கினார். "எங்கிட்ட நெசத்தச் சொன்னியே, நாளைக்கு மட்டும் ஏம்ப்பா பொய்யி?"

"நீங்க சும்மா நடிக்க வந்தவரு. நெசமான ஓனருகிட்ட பிளாட்பாரம்னு சொன்னா எவன் சார் வீடு குடுப்பான்? அஞ்சு வீட்டுல அந்த ஒரு வார்த்தையக் கேட்டதுமே கதவச் சாத்திட்டாங்க. பொய்யச் சொன்னாலாவது எம்பொண்ணு பள்ளிக்கூடம் போவும்."

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. செல்லாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பெரியவர் மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கினார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்கு, செம்மண்டலத்துக்கு வந்து பாலக் காய்ச்சிடுங்க."