மூன்றாவது கட்லெட்

"தின்னியளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் முத்துக்குமாரசாமி.

தென்காசி சைவ சபையின் தலைவர் தில்லைநாயகம் பிள்ளை எழுந்து நின்றார். வழியில் முட்டை ஓடு மிதிபட்டால்கூட வீடு திரும்பிக் குளிக்கிற மனிதர்.

"தின்னேன்."

"ஆட்டுக்கறின்னு தெரியாம தின்னுட்டியளோ?"

"தெரிஞ்சுதான்."

சபையில் ஒரு விசிறிகூட அசையவில்லை.

"ஏன் அண்ணாச்சி?" என்று பின்வரிசையில் யாரோ அழமாட்டாக்குறையாகக் கேட்டார்கள்.

பிள்ளை கழுத்து உருத்திராக்கத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

போன வாரம் குற்றாலத்தில், துரைமார் தங்கும் இங்கிலீஷ் ஹோட்டலில் நடந்த விஷயம் அது. மரம் வெட்டும் கூப்புக் குத்தகை சம்பந்தமாக ஒரு துரையைப் பார்க்கப் போயிருந்தார் முத்துக்குமாரசாமி. சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடி ஜன்னல் வழியே பிள்ளை தெரிந்தார். எதிரே அவருடைய பழைய சிநேகிதர், ரிட்டையர்டு டிப்டி கலெக்டர் வேங்கடவரத ஐயங்கார். அவர் முதுகுதான் தெரிந்தது. நடுவே ஒரு தட்டு.

"அது என்னடே?" என்று பட்லர் மசூதைக் கேட்டார்.

"ஆட்டுக்கறி கட்லெட்டுங்க."

"அட பாவி, பிள்ளைவாள் சைவம்லா! ஓடு, போய்ச் சொல்லு!"

மசூது ஓடிப்போய்ப் பிள்ளையின் காதில் சொன்னதைப் பார்த்தார். சொன்ன பிறகு பிள்ளை அதை எடுத்து வாயில் போட்டு மென்றதையும் பார்த்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இருபது வருஷமாகப் பிள்ளை உட்கார்ந்த நாற்காலி இனி முத்துக்குமாரசாமிக்கு என்று பேச்சு. ஆனால் பிள்ளையின் ஆட்கள் மசியவில்லை.

"மனசு வெறுத்துப்போய்த் தன் தலையில தானே மண்ணள்ளிப் போடுதாரு. அந்தப் பட்லரைக் கூட்டியாரும், நம்புதோம்" என்றார்கள்.

மறுநாள் முத்துக்குமாரசாமி வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனார். நல்ல சாரல். ஹோட்டல் கூடத்தில் ஐயங்கார் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சென்னையில் படித்த மகன் முட்டை தின்றான் என்று கேள்விப்பட்டு, அவன் கல்யாணத்துக்கே போகாதவர். அதற்காகவே முத்துக்குமாரசாமிக்கு அவரிடம் தனி மரியாதை.

"வாரும் ஓய்! தில்லைநாயகம் மாமிசம் சாப்பிட்டார்னு கிளப்பி விட்டவர் நீர்தானா? அபாண்டம்!"

"நானே கண்ணால பார்த்தேன், சாமி."

"என்னத்தைப் பார்த்தீர்? நான் எதிரே உட்கார்ந்திருந்தேனே! அவர் வெறும் காப்பிதான் குடிச்சுண்டிருந்தார். கட்லெட் வரவழைச்சது நான். வந்தது மூணு. ரெண்டை நான் சாப்பிட்டாச்சு."

முத்துக்குமாரசாமி மூன்று விரலை நீட்டி, இரண்டை மடக்கினார்.

"மூணாவதிலே கை வைக்கப் போறேன். இந்தப் பட்லர் வந்து அவர் காதிலே ஏதோ முணுமுணுத்தான். மனுஷருக்குத் திடீர்னு பசி வந்துடுத்து! 'இதை நான் எடுத்துக்கிடுதேன்'னு என் விரலைத் தள்ளிட்டு எடுத்துண்டார். 'என்ன ஓய், அதிலே ஏதாவது கோளாறா?'ன்னேன். 'கோளாறு என்ன, உருளைக்கிழங்குதானே'ன்னு சொல்லிண்டே வாயிலே போட்டுண்டார். அந்த மனுஷரைப் போய்…"

ஐயங்கார் மூக்கை உறிஞ்சினார். குற்றாலத்துக்கு வந்ததிலிருந்து ஜலதோஷமாம், வாசனையே தெரிவதில்லையாம்.

"சாமி… காய்கறி கட்லெட்டுன்னு சொல்லித்தான் கேட்டியளா?"

"தனியாச் சொல்லணுமா ஓய்? இவன் கொழும்பிலேர்ந்து புதுசா வந்தவன். 'சாமி சைவமா'ன்னு கேட்டான். 'சைவமாவது! பரம்பரை வைஷ்ணவன்டா, நெத்தியிலே நாமம் தெரியலையா'ன்னேன். தலையை ஆட்டிண்டு போய்க் கொண்டுவந்தான்."

வெளியே அருவி இரைந்துகொண்டிருந்தது. முத்துக்குமாரசாமிக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

"ஞாயித்துக்கிழமை உங்க சபைக்கு நானே வந்து சாட்சி சொல்றேன்" என்றார் ஐயங்கார். "அதுக்கு முன்னாடி உம்ம சந்தேகத்தை இங்கேயே தீர்த்துடறேன். ஏய் மசூது!"

மசூது வந்தான். கையிலிருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஐயங்காருக்குத் தெரியக் கூடாது என்று பிள்ளை அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"அன்னிக்கு நீ கொண்டுவந்தது என்ன கட்லெட்டுடா? இவர் எதிரே சொல்லு!"

மசூது வாயைத் திறந்தான்.

"அவன்கிட்ட எதுக்குக் கேக்கணும், சாமி?" என்று முத்துக்குமாரசாமி குறுக்கே விழுந்தார். "சாரல்ல கண்ணாடி ஜன்னலெல்லாம் புகைஞ்சு கெடந்துது. எனக்கோ கண்ணு மங்கல். நான்தான் தப்பாப் பார்த்துட்டேன்."

"அப்போ சபையிலே?"

"பொய் சொன்னவன் நான்தான்னு நானே சொல்லி, அண்ணாச்சி கால்ல விழுதேன். நீங்க அவ்வளவு தூரம் வர வேண்டாம்."

"பலே!" ஐயங்காருக்குத் திருப்தி. "உட்காரும் ஓய். மசூது, அன்னிக்குக் கொண்டுவந்தியே, அதே கட்லெட் ரெண்டு பேருக்கும் கொண்டா."

முத்துக்குமாரசாமி மசூதைப் பார்த்தார். மசூது மெல்லத் தலையசைத்துவிட்டுப் போனான்.

கட்லெட் வந்தது. ஐயங்கார் ஒரு துண்டு வாயில் போட்டார். மென்றார். முகம் சுருங்கியது.

"என்ன ஓய், அன்னிக்கு இருந்த ருசி இல்லையே!"

"அன்னைக்குக் கிழங்கு புதுசு, சாமி" என்றார் முத்துக்குமாரசாமி.