சத்தம் மாறக் கூடாது

“டாஷ்போர்டுல எரியற விளக்கு மட்டும் அணையணும். சத்தம் ஒரு துளிகூட மாறக் கூடாது, பாய்.”

மந்தைவெளியில் கார் பட்டறை வைத்திருக்கும் கலீமுல்லாவுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. தெருவே அதிரும்படி பந்தயக் கார்போல் உறுமிக்கொண்டு வந்து நின்றது வண்டி. அதிலிருந்து இறங்கியவரோ வேட்டி கட்டிய, எழுபதை நெருங்கும் பெரியவர். பெயர் ரகுபதி என்றார்.

எதிரே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சாய்நாத் சும்மா விடுவானா?

“இன்னா பெருசு, பீச் ரோட்ல ரேஸா? ஊடு போய்ச் சேருவியா, இல்ல அப்டியே மேல போய்க்கினே இருப்பியா?”

ரகுபதி சாவியைக் கலீமுல்லாவிடம் நீட்டினார்.

கலீமுல்லா ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்; ஆக்சிஜன் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. பிறகு டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்து, நெடுநேரம் கழித்து வெளியே வந்தார்.

“சார், ஆக்சிஜன் சென்சார்மேல ஒரு குத்தமும் இல்ல. புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டரையே கழட்டிட்டு, வெறுங்குழாயைச் சொருகிக்கீறாங்க. புகை அழுக்கா வருதுன்னு சென்சார் விளக்கைப் போட்டுக் கத்திக்கினு கீது. யார் பண்ண வேலை இது?”

“பையன் ஆசைப்பட்டு மாத்தினான்.”

“கழட்டின பழசு எங்க?”

“டிக்கியில இருக்கு.”

“அப்ப மாட்டிடலாம். விளக்கு தானா அணைஞ்சிடும்.”

“வேண்டாம். சத்தம் மாறிடும்.”

கலீமுல்லா கையைத் துடைத்தபடி அவரை உற்றுப் பார்த்தார்.

“சார், குழாயைப் பத்தவெச்ச எடத்துல விரிசல் விட்டுக்கீது. புகை உள்ளாற வருது. ஓட்டும்போது தலை வலிக்குதா?”

“கொஞ்ச நாளா வலிக்குது. குமட்டிக்கிட்டும் வரும். படுத்து எழுந்தா சரியாயிடும்.”

“ஒருநாள் எழுந்துக்கவே மாட்டீங்க சார். அந்தப் புகையில இருக்கிற விஷத்துக்கு வாசனையே கிடையாது. நான் இன்னிக்குப் பத்தவெச்சாலும் மறுபடி விரிசல் விட்டுக்கும். பையனையே வரச் சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்.”

“அவனால வர முடியாது, பாய்.”

உயிரைவிடச் சத்தமா பெரிது? இந்த வயதில் இப்படியும் ஓர் ஆசையா? கலீமுல்லா முகத்தைச் சுளித்துக்கொண்டே விரிசலை அடைத்து, ஸ்கேனரால் விளக்கையும் அப்போதைக்கு அணைத்தார். வேலை முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பெஞ்சிலிருந்து எழுந்த ரகுபதி தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க ஓட்டாதீங்க. நானே கொண்டாந்து விடறேன்.”

“சீக்கிரம் போகணும். விளக்கு வைக்கற நேரத்துக்கு வண்டி தெருவுக்குள்ள திரும்பியாகணும்.”

குளக்கரை நெரிசலைக் கடந்து, மயிலாப்பூரின் ஒரு குறுகிய சந்துக்குள் வண்டி நுழைந்தது. அதன் உறுமல் இரண்டு பக்கச் சுவர்களிலும் மோதி எழுந்தது. வாசலில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று வாயை மூடினார்கள். ஒருத்தி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இரைச்சலுக்குக் கோபப்படுகிறார்களோ என்று பார்த்தார் கலீமுல்லா. எவர் முகத்திலும் கோபம் இல்லை. அச்சம்தான் இருந்தது.

கடைசி வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் குதூகலமாய் எழுந்தது.

“பிரபு! வந்துட்டியாப்பா? கைகால் கழுவிட்டு வா, சோறு ஆறிடும்!”

“பையன் நமக்கு முன்னாடியே வந்துட்டாரா சார்?”

ரகுபதி உதட்டின்மேல் விரலை வைத்தார்.

“அவன் மாசி மாசமே போயிட்டான், பாய். காய்ச்சல்.”

கலீமுல்லா இன்ஜினை அணைத்தார்.

“அப்ப... உள்ளேருந்து கூப்பிடறது?”

“என் சம்சாரம் செண்பகம். அன்னிக்கே புத்தி பிசகிடுச்சு. பேட்டரி செத்துடக் கூடாதேன்னு ஒருநாள் இந்த வண்டியை எடுத்தேன். சத்தத்தைக் கேட்டதும் ‘பிரபு’ன்னு ஓடிவந்தா. அப்புறம்தான் எங்க வீட்டுல அடுப்பே எரிஞ்சுது. சத்தம் நின்னுபோனா அவ மறுபடி படுத்துடுவா. இப்பப் புரியுதா?”

சொல்லிவிட்டு அவர் இறங்கிக் கொல்லைக் குழாயடிக்குப் போனார். சாவியைக் கொடுக்க உள்ளே நுழைந்த கலீமுல்லா நிலைப்படியிலேயே நின்றார்.

சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகள். ஆளில்லாத நாற்காலிக்கு முன்னிருந்த தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. செண்பகம் அந்த நாற்காலியின் பக்கம் குனிந்தார்.

“இன்னும் கொஞ்சம் ரசம் விடவா, கண்ணா?”

பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு தலையசைத்து ஊற்றினார்.

கலீமுல்லாவின் உதடுகள் தாமாகவே எதையோ ஓதத் தொடங்கின.

கொல்லையில் குழாய்த் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. அந்தக் கணமே செண்பகம் நிமிர்ந்தார். பார்வையில் கலக்கமே இல்லை. குரல் தணிந்திருந்தது.

“மெக்கானிக்கா நீங்க? வண்டிக்கு என்ன, பாய்? தினமும் தலைவலின்னு சுருண்டு படுத்துக்கறாரே இவர்!”

“பு... புகை உள்ளே வருதும்மா. உயிருக்கே ஆபத்து. கழட்டின பழைய கன்வெர்ட்டரை மாட்டினாத்தான் சரியாவும். சத்தம் போயிடும்னு சார் ஒத்துக்கல.”

“பிள்ளையை எரிச்சிட்டு வந்து ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டவர், பாய். சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்னு கிடந்தார். வண்டியை எடுக்கத்தான் முதல்முதலா வெளியே வந்தார். எனக்குப் பைத்தியம்னு நினைச்சாலாவது எனக்காக உயிரோட இருப்பாரேன்னு, ‘பிரபு’ன்னு கூப்பிட்டேன்.”

குழாயோசை நின்றது. செண்பகம் பதற்றத்தோடு கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கே பழசை மாட்டிடுங்க. சத்தமே வராட்டாலும், கேட்டுச்சுன்னு நான் கூப்பிடுவேன்.”