பென்சில் சீவிய குற்றம்

அலுவலக நேரத்தில் சொந்தப் பென்சிலைச் சீவினாள் என்று லேப் உதவியாளரை நாற்பத்திரண்டு நாள் சஸ்பெண்ட் செய்தார் கண்காணிப்பாளர்.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் கொதித்தது.

கண்காணிப்பாளருக்கு அங்கே 'ஆணி' என்று பெயர். கல்யாணம், பிரசவம், சாவு, இந்த மூன்றைத் தவிர வேறெதற்கும் அவர் லீவு கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. சாவு என்றாலும் யாருடைய சாவு என்று கேட்பார்.

சங்கச் செயலாளர் மெமோவை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'சீவியதில் விழுந்த தூளைக் கூட்டி அள்ள ஒன்றரை நிமிடம் வீணாயிற்று.' இதுக்கு நாற்பத்திரண்டு நாளா? கழுத்தைச் சீவினவன்கூட அதுக்குள்ள ஜாமீன்ல வந்துடுவான்."

"நமக்கும் ஒரு போராட்டம் கிடைச்சு ரெண்டு வருஷமாச்சு, தோழர்," என்றார் சங்கப் பொருளாளர்.

மறுநாள் மாலை இருவரும் உதவியாளர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த அவள் கணவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசுங்க. உள்ளே தெர்மோடைனமிக்ஸ் ஓடிட்டிருக்கு."

உள்ளே, புத்தகங்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். சுவரில் ஒரு பெரிய தாள். தாள் நிறையக் கட்டங்கள். முதல் கட்டம் மட்டும் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தது.

செயலாளர் தாளைச் சுட்டிக் காட்டினார். "பார்த்தீங்களா? ஜெயில் கைதி மாதிரி நாளை எண்ணிக்கிட்டு இருக்கு பொண்ணு."

"இல்ல தோழர். அது படிப்பு அட்டவணை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி நுழைவுத் தேர்வு வருது. காலையில ஆர்கானிக், சாயங்காலம்..."

"புரியுதும்மா. மனசை எதுலயாவது திருப்பணும் இல்லையா?"

"போராட்டமெல்லாம் வேண்டாம் தோழர். நான் தண்டனையை ஏத்துக்கறேன்."

செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். "அந்த அளவுக்கு மிரட்டி வெச்சிருக்கான்."

"அவர் மிரட்டவே இல்ல. படிக்க லீவு வேணும்னு போன மாசம் உங்ககிட்டதானே முதல்ல வந்து நின்னேன்?"

"அது கோரிக்கைப் பட்டியல்ல நாற்பத்தேழாவதா பத்திரமா இருக்கு. இப்ப அதை இதோட போட்டுக் குழப்பாதே. இது கொள்கைப் பிரச்சினை."

மறுநாள் காலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அறுபது பேர் வாசலில் உட்கார்ந்து ஆளுக்கொரு பென்சில் சீவினார்கள். மதியத்துக்குள் பென்சில் தீர்ந்துபோக, ஒரு தோழர் உணர்ச்சிவசப்பட்டுப் பேனாவைச் சீவினார்.

உதவியாளரை வீட்டிலிருந்து அழைத்து வந்து மேடை நடுவில் உட்கார வைத்தார்கள். அவள் மடியில் புத்தகம் இருந்தது. அநீதியின் பாரம் தாங்காமல் தலை குனிந்திருக்கிறாள் என்று பேச்சாளர் கூட்டத்துக்கு விளக்கினார்.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளரின் அறையை முற்றுகையிட்டார்கள்.

"முப்பது நாளா குறைச்சுக்கறேன்," என்றார் அவர்.

"ஒரு நாள்கூடக் கிடையாது."

"சரி, எல்லா ரூமுக்கும் ஃபேன் போட்டுத் தரேன். அந்த சஸ்பென்ஷன் மட்டும் இருக்கட்டும்."

"விலைக்கு வாங்கப் பார்க்கறீங்களா? நாங்க வியர்வையிலேயே பொறந்தவங்க."

"இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்கய்யா."

"யோசிக்கறது நிர்வாகத்தோட வேலை. நாங்க போராடறவங்க."

மாலையில் மேலிடத்திலிருந்து போன் வந்தது. தண்டனை முழுவதும் ரத்து. உதவியாளர் நாளைக்கே வேலைக்கு வர வேண்டும். செயலாளரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்கள்.

மறுநாள் காலையில் அவள் வந்தாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு ஃபேன் இல்லாத தங்கள் அறைகளுக்குப் போனார்கள்.

கையெழுத்துப் போடக் கண்காணிப்பாளரின் அறைக்குள் போனவள், பேனாவை எடுக்காமல் நின்றாள்.

"ஆர்கானிக்ல பாதிதான் சார் முடிஞ்சுது. இனிமே எங்கே படிச்சு, எங்கே எழுதறது?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சங்கத்துக்கிட்ட உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும் சார்."

ஆணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நாம ரெண்டு பேரும் ரூல் புத்தகத்தைப் புரட்டினதுல, அவசரத்துல ரொம்பச் சின்னக் குத்தமா எடுத்துட்டோம். விடு, அடுத்த வருஷத் தேர்வுக்கு, சங்கமே வெட்கப்பட்டு ஒதுங்கிக்கற மாதிரி பெரிசா ஒண்ணு தேடி வைக்கறேன்."