மூச்சுக்கயிறு

கடலுக்கடியில் ஒருத்தன் மூச்சு முட்டித் துடித்துக்கொண்டிருந்தான். மெல்வின் ஒரு முந்திரி மக்ரூனை வாயில் போட்டபடி அதை வேடிக்கை பார்த்தான். "சாவுல, நல்லா சாவு" என்றான் ஆசையாக.

செத்தவன் அடுத்த நொடியே பாறைமேல் எழுந்து நின்றான். வீடியோ கேம் ஆயிற்றே! மெல்வின் அந்தச் சாவை மட்டும் வெட்டி எடுத்து, தன் விமர்சன வீடியோவின் தொடக்கத்தில் ஒட்டினான்.

கேமின் பெயர் 'மூச்சுக்கயிறு'. செய்தவன் ஜெரால்டு. மெல்வினின் அக்கா ஜெனிலாவுக்கும் அவனுக்கும் நிச்சயமாகி, மாதா கோயிலில் சபையறிய முதல் கல்யாண ஓலையும் வாசித்த பிறகு, "கேமை முடிச்சிட்டுதான் கல்யாணம்" என்று துறைமுக வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குப் போனவன். ஊர் வாய்க்குப் பயந்து அம்மா பல வாரம் பூசைக்கே போகவில்லை. அவனை வாய் நிறைய 'அத்தான்' என்று கூப்பிட்ட மெல்வினுக்கு இன்றும் வயிறு எரிகிறது.

தமிழில் கேம் விமர்சனம் என்றால் மெல்வின் சேனல்தான். அவன் உதட்டைப் பிதுக்கினால் அந்த கேமை ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஜெரால்டின் கேம் நேற்று வெளிவந்ததும், மாதாவே பார்த்து அனுப்பிவைத்தது என்று கும்பிட்டுக்கொண்டான்.

ஒரே ஒரு சங்கடம். கேம் நன்றாக இருந்தது.

முத்துக் குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். உடைந்த கப்பலுக்குள் தாவித் தாவி வழி தேடுகிறான். கயிற்றை எத்தனை தரம் இழுக்கிறான் என்பதை வைத்து, மேலே தோணியில் இருப்பவள் கூடையோ கத்தியோ விளக்கோ இறக்குவாள். எதை, எப்போது கேட்பது என்பதுதான் புதிர். மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மெல்வினே பல இடங்களில் மூச்சை அடக்கிக்கொண்டு விளையாடினான். கடைசிக் காட்சியில் கண் கலங்கியதை யாரிடமும் சொல்லமாட்டான்.

அந்த நல்ல இடங்களையெல்லாம் இரக்கமில்லாமல் வெட்டி எறிந்தான். மைக்கை இழுத்துக்கொண்டான்.

"மக்களே, படம் நல்லாருக்கு, சத்தம் நல்லாருக்கு. அம்புட்டுதான். தாவுனா நனைஞ்ச சாக்கு மாதிரி மெதுவா விழுதான். செத்தா மொதல்ல இருந்து வரணும். அதக்கூட மன்னிச்சிரலாம். கதைய மன்னிக்க முடியாது."

குரலில் விஷத்தை ஏற்றினான்.

"நம்ம கடக்கரையில முத்துக் குளிக்க இறங்குதவனுக்கு மேல கயிறு பிடிக்கது யாரு? பொண்டாட்டிகூடப் பொறந்தவன். மச்சினன்! ஏன்னா அக்கா தாலி அறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டான். உயிரே போனாலும் கயித்த விடமாட்டான். இந்த கேம்ல கயிறு பிடிக்கது பொண்டாட்டி! ஏலே ஜெரால்டு, மச்சினன் எங்கல போனான்? ஊர் வழக்கமே தெரியாதவன்லாம் ஊர்க் கதை சொல்ல வந்துட்டான். யாரும் வாங்காதீங்க."

பதிவேற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான். அடிவயிறு குளிர்ந்தது. கீழே கருத்துகள் பொலபொலவென்று விழுந்தன. 'மச்சினன் எங்கல?' என்று யாரோ ஆரம்பிக்க, அத்தனை பேரும் அதையே எழுதினார்கள். 'வாங்கிட்டேன், திருப்பிக் குடுக்கப் போறேன்' என்றும் சிலர். ஒவ்வொன்றையும் ருசித்துப் படித்தான்.

"ஏலே மெல்வின்!" சமையற்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அக்கா ரயில விட்டு இறங்கிட்டாளாம். கூட ஒராளுக்குச் சேத்து ஆக்கச் சொன்னா. கடைக்குப் போயி இன்னும் ரெண்டு துண்டு சீலா மீன் வாங்கிட்டு வா."

"ஆபீஸ் கூட்டாளி எவளையாவது கூட்டிட்டு வருவா. அந்த ஜெரால்டு கதைய இன்னைக்கு முடிச்சாச்சும்மா. அக்காகிட்ட நானே சொல்லுதேன்!"

போன வருஷம் ஜெனிலா சென்னையில் வேலை தேடிக்கொண்டு போனதே மனசு உடைந்துதான் என்று அவன் நம்பினான். இன்றைக்கு அவள் முகம் மலரும் என்று நினைக்கும்போதே சிரிப்பு வந்தது. இன்னொரு மக்ரூனை எடுத்தான்.

மாடிப்படியில் அவனுடைய குரலே ஏறி வந்தது. "மச்சினன் எங்கல போனான்?"

போனைக் கையில் பிடித்தபடி அறை வாசலில் ஜெனிலா நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கழுத்தில் புதுத் தாலி.

மெல்வின் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். இரண்டு பைகளோடு கேட்டுக்கு வெளியே ஜெரால்டு நின்றான். உள்ளே வரத் தயங்கியவன்போல, அவனும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பக்கா?" என்றான் மெல்வின்.

"போன மாசம், கேம் வேலை முடிஞ்சதும். அவரு ஓடல. இது முடியட்டும்னு காத்திருக்கச் சொன்னாரு, நான் காத்திருந்தேன். கேம் வெளிய வந்ததும் வீட்ல சொல்லிக்கிடலாம்னு இருந்தோம்." அவள் குரல் நடுங்கியது. "அதுல கதை எழுதுனது நாந்தாம்ல."

மெல்வின் பாய்ந்து வீடியோவை அழித்தான். பிரயோஜனமில்லை. அவன் பேசியதில் அந்த ஒரு துண்டை மட்டும் எவனோ வெட்டி எடுத்து ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றவிட்டிருந்தான்.

"எனக்குத் தெரியாதுக்கா, சத்தியமா தெரியாது..." தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், தன் தப்பை எங்கேயாவது இறக்கிவைக்கப் பார்த்தான். "நம்ம வழக்கம் ஒனக்குத் தெரியும்லாக்கா? கயித்த ஏன் பொண்டாட்டி கையில குடுத்த? மச்சினன்கிட்ட குடுத்திருக்கலாம்லா?"

ஜெனிலா போனை அணைத்தாள்.

"மச்சினன் விட்டுருவான்னு தெரியும்ல. அதான் நான் பிடிச்சேன்."