பினாங்குக்குப் போன கார்

"அண்ணே, அம்மாவுக்கு ரொம்ப முடியல. பினாங்கு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. ஒங்க கார் வாடகைக்குக் கெடைக்குமா?"

மாயாண்டி கேட்டதும் பத்துமலைக்கு முகம் வாடிவிட்டது. சிலிபின் வட்டாரத்தில் அவர் வாடகைக்கு விடும் ஒரே டட்சன் கார் அது. பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பங்கோர் தீவுக்கு அழைத்துப்போகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போப்பா. நாங்க பஸ்ல போய்க்கிறோம். வாடகையெல்லாம் வேணாம்லா."

பினாங்குக் கடற்கரையில் மாயாண்டியின் மனைவியும் பிள்ளைகளும் ஆட்டம் போட்டார்கள். அவனால்தான் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. உல்லாசப் பயணத்துக்கென்றால் காரைத் தரமாட்டார் என்று சொன்ன பொய் நெஞ்சைக் குத்தியது.

ஊர் திரும்பியதும் மணலைத் துடைத்துவிட்டுக் காரை ஒப்படைத்தான். "அம்மாவுக்கு இப்பத் தேவலண்ணே."

"தெரியும். ஒங்க வீடு பூட்டிக் கெடக்குமேன்னு பார்க்கப் போனேன். அம்மாதான் கதவத் தொறந்தாங்க."

மாயாண்டி தலைகுனிந்தான்.

"நீ மாமியார் வீட்டுக்குப் போயிருக்கன்னாங்க. தனியா விட மனசு வரல. எங்களோட பங்கோருக்குக் கூட்டிட்டுப் போனோம்."

"என்ன சொன்னாங்கண்ணே?"

"ஒண்ணே ஒண்ணுதான். 'எனக்கு மொதமொதல்ல கடலக் காட்டணும்னு எம்மவன் ஆசப்படுறான். நான் பார்த்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி.'"