திரை கேட்ட நம்பர்

காரில் கம்பெனியே மாட்டிக் கொடுத்த நேவிகேஷன் செட் காணாமல் போனதும், சாவி வைத்திருந்த டிரைவர் முனிசாமியை அன்றைக்கே விரட்டிவிட்டார் சம்பத். "சத்தியமா நா எடுக்கல சார்" என்று அவன் அழுததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று கேளம்பாக்கத்துக் கடையில் அதே மாதிரி பழைய செட் ஒன்றை மெக்கானிக் மாட்டி முடித்தார். திரை ரகசிய நம்பர் கேட்டது.

"நம்பர் தெரியாம எப்படிப்பா?"

"பேஜாரே இல்ல சார், வித்தவரே சொல்லிட்டுப் போனாரு."

மெக்கானிக் தட்டியதை சம்பத் குனிந்து பார்த்தார். அது, காணாமல் போன தன் செட்டுக்கு சம்பத் வைத்திருந்த அதே நம்பர். அவரைத் தவிர மகன் பிரவீனுக்கு மட்டுமே தெரியும்.

"இன்னா சார், எந்த ஊரு போடட்டும்?"

"சதுரங்கப்பட்டினம். முனிசாமி வீடு."

"எந்தத் தெரு சார்?"

இத்தனை வருடம் தன் வாசலில் வந்து நின்றவனிடம் சம்பத் அதை ஒருநாளும் கேட்டதில்லை.